சின்னக்கருப்பன் கோவில் ரோடு

வழி கேட்டு நிற்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்கும், மேடம். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் வெளியூர்க்காரர் யாராவது போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தால், நானாகவே பக்கத்தில் போய் நிற்பேன். வாயால் சொல்லி அனுப்ப மாட்டேன். முக்கு வரைக்கும் கூடவே நடந்து, திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டுத்தான் வருவேன். “சம்பளம் குடுத்து வச்சிருக்காங்களே, அது பத்தாதுன்னு ஓசிக்கு வேற வழி காட்டுதீயளாக்கும்” என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

நல்லவன் என்று காட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. இங்கே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் அண்ணனும் போலீஸ்தான். நான் சொல்லப் போவதை என்னைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். நீங்களாவது நம்ப வேண்டும். அதற்காகச் சொன்னேன்.

என் பெயர் சமுத்திரம். ‘வழித்துணை’ என்ற மேப் கம்பெனிக்கு இந்த மாவட்டத்தில் ஃபீல்டு வேலைக்கு நான்தான் தலைமை. தென்காசி ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே ஆபீஸ். ஷெரின் இறந்துபோன வழக்கில் சாட்சியாக ஏற்கெனவே என்னிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறீர்கள். அதில் ஒரு பொய் இருக்கிறது. திருத்த வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

போனில் மேப் பார்க்கிறவர்கள், ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தின் மேல் யாரோ கோடு இழுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதி வேலைதான். எந்தத் தெருவில் லாரி திரும்பும், எந்தச் சந்தில் ஆட்டோ மட்டும் நுழையும், எந்த ரோட்டைத் தேர் ஓடும் நாளில் அடைப்பார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். நாங்கள் நடந்தோம். மடவார் வளாகத்துச் சந்துகளிலிருந்து சோழபுரத்துக் களத்துமேட்டுப் பாதை வரை வெயிலில் நடந்து எடுத்த மேப் எங்களுடையது.

தெற்கு மாவட்டங்கள் முழுக்கப் பார்சல் கொண்டுபோகும் சென்னைக் கம்பெனி ஒன்று, தன் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மேப்பை வாங்கப் போவதாகச் சொன்னது. யாருடைய மேப்பை எடுக்கிறார்களோ அவர்களுக்கு வாழ்வு. மற்றவர்கள் கடையைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் மிஞ்சினோம். ஒன்று நாங்கள். இன்னொன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் புதிதாகக் கிளை திறந்த ‘கைகாட்டி’. அதற்கு மேனேஜர் நம்பி. இப்போது நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்களே, அவர்தான்.

நாங்கள் வருஷக்கணக்கில் நடந்த ஊர்களை அவர்கள் ஒரே சீசனில் முடித்துவிட்டார்கள். எப்படி முடியும்? சோழபுரத்தில் ஒரு பெரிய கிணற்றை நான் கவனப்பிசகாகக் குளம் என்று குறித்திருந்தேன். அவர்கள் மேப்பிலும் அது குளமாகவே இருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் முதலாளி கமலினி கோயம்புத்தூரில் இருக்கிறார். குளத்தைக் காட்டினால் ‘நாங்களும் அதே தப்பைச் செய்தோம்’ என்று தப்பித்துவிடுவார்கள், மறுக்க முடியாதபடி ஒரு பொறி வைக்க வேண்டும் என்றார். எங்கள் தொழிலில் அது பழைய வழக்கம். இல்லாத சந்து ஒன்றை மேப்பில் வரைந்து வைப்பது. நடந்து பார்த்தவன் மேப்பில் அது வராது. திருடினவன் மேப்பில் வரும். தாளில் மேப் அச்சடித்த காலத்திலிருந்தே இது உண்டு. எழுதாத விதி ஒன்றும் அதற்கு உண்டு. பொறி ரோடு எங்கேயும் போய்ச் சேரக் கூடாது. முட்டுச் சந்தாகத்தான் இருக்க வேண்டும். எங்கேயும் போகாத ரோட்டில் யாரும் போக மாட்டார்கள் அல்லவா?

நானும் முதலில் முட்டுச் சந்துகள்தான் வைத்தேன். கைகாட்டியின் சாஃப்ட்வேர் அவற்றை வடிகட்டி எறிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ரோட்டை இரண்டு முனையும் சேர்த்து வரைந்தேன்.

பிளவக்கல் அணைக்குப் போகும் ரோட்டிலிருந்து பிரிந்து, தென்னந்தோப்புகளுக்கு நடுவே புகுந்து, வத்திராயிருப்பு ரோட்டில் போய்ச் சேருகிற மாதிரி ஒரு குறுக்கு வழி. சின்னக்கருப்பன் கோவில் ரோடு என்று பெயர் வைத்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு பெயர் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்கே கோவிலும் கிடையாது, ரோடும் கிடையாது. ஒரு ஓடை இருக்கிறது. மலையில் மழை பெய்தால் தண்ணீர் வரும். மற்ற நாளில் மணல்.

எங்கள் ஆப்பில் அந்த ரோட்டுக்கு ‘அடைப்பு’ என்று உள்ளுக்குள் குறி போட்டு வைத்தேன். அதனால் எங்கள் ஆப் யாரையும் அந்த வழியில் அனுப்பாது. கோட்டைத் திருடுகிறவனுக்குக் குறி கிடைக்காது. ஆகவே அந்த ரோட்டில் போகிறவன் திருடனுடைய ஆளாக மட்டும்தான் இருக்க முடியும். இதைவிட நியாயமான பொறி கிடையாது என்று எனக்குப் பட்டது. அதில் என்ன தவறு என்பது இன்றைக்கும் எனக்கு உடனே பிடிபடுவதில்லை, மேடம். செத்த நேரம் யோசித்த பிறகுதான் பிடிபடுகிறது.

கைகாட்டி அந்த ரோட்டை எடுத்தது. பெயரோடு எடுத்தது. அன்றைக்குச் சாத்தூர் சேவு வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தேன். இப்போது வாயைத் திறக்க வேண்டாம், மதுரையில் சென்னைக்காரர்கள் முன்னால் இரண்டு கம்பெனியும் மேப்பைக் காட்டும் நாளில் போட்டு உடைக்கலாம், அதுவரை அந்தக் கோடு அவர்கள் மேப்பில் இருந்தாக வேண்டும் என்றார் கமலினி. என் வேலை அவ்வளவுதான். அந்தக் கோட்டைச் சாகாமல் பார்த்துக்கொள்வது.

ஷெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராஜபாளையத்துப் பிள்ளை. அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். படிப்பை முடித்த கையோடு எங்களிடம் சேர்ந்தாள். ஜி.பி.எஸ். பிடிக்கவும், தெருவில் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுத்து விஷயம் வாங்கவும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாய் அதிகம். வேலை சுத்தம். கைகாட்டி வந்ததும் அங்கே போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் வாழ்த்தித்தான் அனுப்பினேன். மனசுக்குள் என்ன நினைத்தேன் என்பது வேறு.

ஃபீல்டுக்குத் தனியாகப் போகிற பெண் பிள்ளைகளுக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். கிளம்பும்போது நம்பிக்கையான ஒருவருக்குப் போனில் லைவ் லொகேஷன் அனுப்பிவிட வேண்டும். அவள் எனக்கு அனுப்புவாள். கம்பெனி மாறிய பிறகும் எனக்கே அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அனுப்பினால் பயந்துகொள்வாராம். இது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. யாருக்கும் என்று சொல்வது தப்பு. அவளுடைய புள்ளி போகிற ஊர்களைப் பார்த்துத்தான், கைகாட்டி எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று நான் கமலினிக்குச் சொல்லிவந்தேன். நான் அப்படிச் சொல்லிவந்தது ஷெரினுக்குத்தான் தெரியாது.

மதுரைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் காலையில் அவள் போன் செய்தாள்.

“அண்ணே, சின்னக்கருப்பன் கோவில் ரோடுன்னு ஒண்ணு எங்க மேப்புல கெடக்கு. பிளவக்கல் பக்கம். நான் பாக்காத ரோடு அது ஒண்ணுதான். மழையா இருக்கு, போக வேண்டாம், விட்டபொறவு பாத்துக்கிடலாம்ங்காரு நம்பி சாரு. நாளைக்கு மதுரையில கேட்டா நான்லா பதில் சொல்லணும். நீங்க அங்கிட்டெல்லாம் நடந்தவுக. நெசமாவே இருக்காண்ணே?”

போட்டிக் கம்பெனிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. அவள் என்னை அப்படி நினைக்கவில்லை. இல்லை என்று நான் சொன்னால் அன்றைக்கே அந்தக் கோட்டை அழித்துவிடுவார்கள்.

“இருக்கு. நல்ல ரோடுதான்” என்றேன்.

இருக்கிறது என்று நானே சொல்லிவிட்டால் அவள் போய்ப் பார்க்க மாட்டாள், அதனால் அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

“ஒங்க ரோட்ட நம்ப முடியாதுண்ணே. அது ஒங்க தலை மாதிரி. போட்டோவுல அடர்த்தியா இருக்கு, நேர்ல பாத்தா வழுக்கை. நானே ஒரு எட்டு போயிட்டு வாரேன். பாக்காம ஓகே போட்டா நீங்கதான் மொதல்ல ஏசுவிய.”

போகாதே என்று நான் சொல்லவில்லை. சிரித்துவிட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லொகேஷன் வந்தது.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. மேற்கே கறுப்பாக இறங்கியிருந்தது. வத்திராயிருப்பில் இருக்கும் எங்கள் ஆள் ராக்கப்பன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான்: மலையில் பேய் மழை, ஓடைப் பக்கம் யாரும் போக வேண்டாம். அந்தக் குரூப்பில் முன்பு ஷெரினும் இருந்தாள். வேலையை விட்டதும் நான்தான் நீக்கினேன். அது முறைதான்.

நீல நிறப் புள்ளி வத்திராயிருப்பைத் தாண்டியது. அணை ரோட்டில் ஏறியது. பிறகு ரோட்டை விட்டு விலகி, நான் வரைந்த கோட்டுக்குள் நுழைந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெருமையாக இருந்தது. நான் வரைந்த ரோட்டில் முதல் ஆள் போகிறது.

புள்ளி ஓடைக் கரையில் போய் நின்றது. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். கைகாட்டியின் ஆளே கைகாட்டியின் மேப்பை நம்பி, இல்லாத ரோட்டில் நிற்கும் படம். கமலினிக்கு அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பினார்.

அப்போது அவளிடமிருந்து இரண்டாவது போன் வந்தது. அவள் போனில் கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்று போன் கம்பெனிக்காரர்கள் கொடுத்த விவரத்தைப் பார்த்துத்தான், அவளைக் காணோம் என்று தேடிய அன்று ராத்திரி நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். ஓடையில் தண்ணீர் வருகிறது என்றாள், உடனே திரும்பி வா என்றேன், கேட்காமல் போய்விட்டாள் என்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். எனக்காக வருத்தப்பட்டீர்கள்கூட.

மறுநாள் அவளைக் கீழே ஒரு தோப்பு வேலியில் எடுத்தார்கள். ஸ்கூட்டர் ஓடைக்குள்ளேயே கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் அப்பா என்னைத் தேடி வந்தார். அழவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அம்புட்டு தூரம் சொல்லியும் கேக்கலையாம்லா, சார். சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான். யாரு பேச்சும் கேக்க மாட்டா. ஒங்க பேச்சையாவது கேப்பான்னு இருந்தேன்.”

நான் தலையாட்டினேன். ஆமாம், அவள் அப்படித்தான் என்பது போல ஆட்டினேன். நான் செய்ததிலேயே கேவலமானது எது என்று யாராவது கேட்டால், இன்னும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதைவிட இதுதான் முதலில் வாய்க்கு வருகிறது.

அன்று மத்தியானம் கமலினி கூப்பிட்டார். “அந்த ரோட்டை எடுத்துடுங்க, சமுத்திரம்” என்றார். அவ்வளவுதான் பேசினார். பொறி என்று அவருக்குத் தெரியும். ஓடை என்று நான் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்டதில்லை. எடுத்துவிட்டேன். ஸ்கிரீன்ஷாட்டையும் இரண்டு போனிலிருந்தும் அழித்துவிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பொய் ரோடு உலகத்தில் கைகாட்டியின் மேப்பில் மட்டும்தான் இருந்தது.

பொய்யாக ரோடு போட்டு, மழையில் வேலைக்காரப் பெண்ணை அதில் அனுப்பிய மேனேஜர் என்று நம்பியைப் பிடித்தீர்கள். அவர் என்ன சொல்ல முடியும்? அந்த ரோட்டை நாங்கள் வரையவில்லை, திருடினோம் என்று சொன்னால் கம்பெனி போய்விடும். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார். அவருடைய மேலிடம் அவரை விட்டுக்கொடுத்துவிட்டது. சென்னைக்காரர்கள் மதுரைக் கூட்டத்தை ரத்து செய்துவிட்டு, கைகாட்டியை வேண்டாம் என்று சொல்லி எங்களோடு கையெழுத்துப் போட்டார்கள். யாரும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

நேற்று நம்பியின் மனைவி பெருந்தேவி என் வீட்டுக்கு வந்தார். ஆண்டாள் கோவில் கைங்கரியக் குடும்பம். இந்த மாதிரி அலைந்து பழக்கமில்லாதவர். தண்ணீர்கூடக் குடிக்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“மழையில போகாதேன்னுதான் அவர் சொன்னார். ஷெரின் உங்ககிட்ட எல்லாம் சொல்லுவாளே. அவர் தடுத்தார்னு உங்ககிட்டயும் சொல்லியிருப்பா. அந்த ஒரு வார்த்தையை நீங்க போலீஸ்ல சொன்னாப் போறும்.”

ஷெரின் சொல்லியிருந்தாள். முதல் போனிலேயே சொல்லியிருந்தாள். அதைச் சொன்னால், அப்புறமும் அவள் ஏன் போனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ரோடு இருக்கிறது என்று சொன்னது வெளியே வரும்.

“அப்படி எதுவும் சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையேம்மா” என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. எழுந்து கும்பிட்டார். “பரவாயில்லை. இல்லாததைச் சொல்லச் சொல்லி உங்களைக் கேக்கப்படாது” என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லாததைச் சொல்லக் கூடாதாம். இன்று காலை பஸ் ஏறிவிட்டேன்.

இனி, இரண்டாவது போனில் பேசியதை உள்ளபடி சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

“அண்ணே, தண்ணி ஓடுதுண்ணே. கலங்கலா வருது. அந்தக் கரையில பாதை மாதிரி தெரியுது. ரோடு தண்ணிக்கு அடியிலயா போகுது?”

“ஆமா. தரைப்பாலம் இருக்கு.”

“எம்புட்டு ஆழம் இருக்கும்?”

“முழங்காலுக்குக் கீழதான். வண்டிய நிறுத்தாம நேரா போ.”

“சரிண்ணே. அந்தப் பக்கம் போயிட்டுக் கூப்பிடுதேன்.”

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள், மேடம்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கரையில் இருப்பது தோப்புக்காரர்களின் மாட்டு வண்டித் தடம். அங்கே ஏறிவிட்டாள் என்றால் ரோடு இருக்கிறது என்று நம்பிவிடுவாள். திரும்பி வந்தாள் என்றால் ரோடு இல்லை என்று சொல்லிவிடுவாள், சாயங்காலத்துக்குள் கோடு போய்விடும். அந்தக் கோடு இன்னும் ஒரு நாள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அந்த ஓடைக்கு நடுவில் மணல் அள்ளிய பள்ளம் ஒன்று உண்டு. அங்கே நடந்தபோது தண்ணீருக்குள் கம்பை விட்டு நானே ஆழம் பார்த்திருக்கிறேன். கம்பு தரையைத் தொடவில்லை. நேராகப் போ என்று சொல்லும்போது அது நினைவில் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஓரமாகப் போ என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், தரைப்பாலத்துக்கு நடுவில் எப்படிண்ணே பள்ளம் வந்தது என்று கேட்பாள். அவள் கேட்கக்கூடியவள்.

புள்ளி தண்ணீருக்குள் இறங்கியது. நடுவில் நின்றது. பிறகு நகரவில்லை. ராக்கப்பனைக் கூப்பிட்டிருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். அவள் அங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பான். நான் கூப்பிடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புள்ளி சாம்பல் நிறமானதும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நம்பியை விட்டுவிடுங்கள். அவர் தடுத்தார். ஷெரினின் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அவள் பேச்சுக் கேட்காத பிள்ளை இல்லை என்று சொல்லுங்கள். சொன்னதைச் சொன்னபடி கேட்டாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. கேட்கவே கூசுகிறது. கைகாட்டி எங்கள் மேப்பைத் திருடினார்கள் என்பதும் உண்மைதான், மேடம். அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.